காப்பி நிறத்து நூல்

சரளா,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பள்ளிப்பட்டுக்குக் கிளம்புகிறாய். பஸ்ஸில் இல்லை. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் வைத்த உன் ஸ்கூட்டரில், நீயே ஓட்டிக்கொண்டு போகிறாய். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது மூன்றாம் வகுப்பு டீச்சராக உள்ளே நுழைவாய். சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசினால் பாதியில் நீ சிரிப்பாய், நான் கோபித்துக்கொள்வேன், உன் நைனா ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார். அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுதும்மா, ஆனா என்னப் பாவமா மட்டும் எழுதாத" என்றாய். பாவமாக எழுத என்னிடம் விஷயம் எதுவும் இல்லை. உன்னைப் போலவே போலியோ வந்த பிள்ளைகளை வைத்திருக்கும் இரண்டு வீட்டார் சமீபத்தில் நம் வாசலுக்கு வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது மலை ஏறுதாமே, எப்படிங்க?" என்று கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

உனக்கு வேலை உத்தரவு வந்த அன்று வீட்டில் நடந்தது நினைவிருக்கும். நான் பாயசம் வைத்தேன். உன் நைனா உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டு, "பள்ளிப்பட்டா? அங்க யார் இருக்காங்க உனக்கு? இங்கயே பக்கத்துல மாத்தி வாங்கலாம், ஆள் இருக்குது" என்றார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கூடம் தூரம். இடது காலில் இரும்புக் கம்பிக் காலிப்பர் போட்டுக்கொண்டு தினமும் அந்தக் கல் ரோட்டில் நீ நடப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "நடக்கப் போறேன்னு யார் சொன்னா? வண்டி வாங்கிக் குடுங்க" என்றாய். கிக்கர் உதைக்கவும் பிரேக் அழுத்தவும் வலது கால் போதும், கியரும் கிளட்ச்சும் கைக்குத்தானே என்று நீ முன்பே யோசித்து வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நைனா ஒரு நிபந்தனை போட்டார். வண்டி நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டும், நடுவழியில் உன்னை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. அப்படி ஒரு நாள் நின்றால் பள்ளிப்பட்டு கிடையாது. நீ சரி என்றாய். நானும் சரி என்றேன். பி.எஸ்சி. பௌதிகம் படித்து, வருஷக்கணக்காகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, ஒரு எஞ்சினை நம்பலாமா கூடாதா என்று அளந்து சொல்ல முடியாதா எனக்கு?

பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, ரயில்வே கேட் பக்கத்துத் தாமோதரன் ஷெட்டில் விட்டோம். துணைச் சக்கரங்களைப் பொருத்தியதும் அவர்தான், எஞ்சினைப் பிரித்துச் சேர்த்ததும் அவர்தான். கை வேலைக்குச் சமமாக வாய் வேலையும் உள்ள மனிதர். "டீச்சரம்மா, இந்த ஊர்ல பாதி வண்டி நம்ம டியூனிங்லதான் ஓடிகினு இருக்குது. மைலேஜ் மட்டும் பாத்துட்டு சொல்லுங்க, பெட்ரோல் பங்க்காரன் என் மேல கேசு போடுவான்" என்றார். சொன்னதை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. கம்பவுண்டரிடம் கேட்டு, கோடு போட்ட காலி சலைன் பாட்டில் ஒன்றை வாங்கி வந்தேன். அதில் பெட்ரோலை அளந்து ஊற்றி, ஹாண்டில் பாரில் கட்டித் தொங்கவிட்டு, ரப்பர் குழாயை கார்பரேட்டருக்கு இழுத்தோம். நீ ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, அரக்கோணம் ரோட்டில் மைல் கல் மைல் கல்லாகப் போனோம். டீக்கடையில் நின்றிருந்தவர் ஒருவர் ஓடிவந்து, "இன்னாம்மா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா? க்ளுகோஸ் ஏத்திகினு போறீங்க?" என்று கேட்டார். நீ முகத்தை மாற்றாமல், "ஆங், பேதிங்க. ரெண்டு நாளா எதுவும் தங்கல" என்றாய். அந்த மனிதர் உச்சுக் கொட்டிய அழகை நினைத்து நாம் அன்று முழுக்கச் சிரித்தோம்.

பாட்டில் காலியாவதற்குள் வண்டி ஓடிய தூரம், சாதாரண ஸ்கூட்டரே பொறாமைப்படும் தூரம். துணைச் சக்கரங்களின் எடை வேறு இருக்கிறது, அப்படியும் அவ்வளவு தூரம்! நான் பூரித்துப்போனேன். மறுநாளும் அளந்தேன், அதே அளவு வந்தது. இரண்டு தடவை ஒரே அளவு வந்தால் அது சரியான அளவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். முருகன் கோயில் மலை ரோட்டில் ஒரு முறை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் உன் நைனா ஒப்பவில்லை. "பூசை போடாத வண்டி மலை ஏறக் கூடாது. முதல்ல ஏறினா சாமிக்குன்னு ஏறணும். ட்ரயல் பாக்கறதுக்கு அது என்ன மைதானமா?" என்றார். இந்த ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். புது வண்டி முதன்முதலாக மலை ஏறுவது மாலை போட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழம் நசுக்கத்தான். எனக்கும் அதில் தவறு தெரியவில்லை. ஆக, பிரித்துச் சேர்த்த அந்த எஞ்சின் ஏறப்போகும் முதல் ஏற்றத்தை, சொந்தக்காரர்கள் எல்லாரும் மேலே காத்திருக்கும் நாளுக்கென்று எடுத்து வைத்தோம்.

கிருத்திகை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்தோம். நைனாவும் பெரிய அத்தையும் மற்றவர்களும் முன்னாலேயே பஸ்ஸில் மேலே போய்விட்டார்கள். ஹாண்டிலில் சாமந்தி மாலை, முன்னால் பெட்டியில் தேங்காயும் கற்பூரமும் எலுமிச்சம்பழமும், பின்னால் நான். பாதி மலையில் நமக்கு முன்னால் ஒரு பஸ் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. தாண்ட இடம் இல்லை. இரண்டாவது கியரில் நீ ஆக்ஸிலரேட்டரை முழுசாக முறுக்கிக்கொண்டிருந்தாய். எஞ்சின் சத்தம் மெல்ல மாறியதை நான் கேட்டேன். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். அடுத்த வளைவில் பின்சக்கரம் கிறீச்சென்று இறுகியது. நீ கிளட்ச்சைப் பிடித்து, பிரேக்கை மிதித்துவிட்டாய், அதில் நொடிகூடத் தாமதம் இல்லை. துணைச் சக்கரம் இருந்ததால் வண்டி சாயவில்லை. நான் குதித்து இறங்கிப் பின்னால் ஒரு கல்லை வைத்தேன். எஞ்சின் பக்கம் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. நடந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவர், "மாலை போட்ட வண்டியே நின்னுடுச்சி பாரு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது உண்மை. மேலே நைனா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நீதான், "சாமியக் கோவிச்சுக்காதம்மா, தாமோதரனக் கோவிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, வண்டி மேலிருந்து இறங்காமலே பெட்டியைத் திறந்தாய். கற்பூரத்தை என்னிடம் கொடுத்து ரோட்டோரக் கல்லில் ஏற்றச் சொன்னாய். மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டாய். தேங்காயை என்னை உடைக்கச் சொன்னாய். எலுமிச்சம்பழங்களை வண்டிக்குப் பின்னால் வைக்கச் சொன்னாய். எஞ்சின் ஆறி, சக்கரம் பிடி விட்டதும், பிரேக்கைத் தளர்த்திப் பின்பக்கமாகவே உருட்டிப் பழத்தை நசுக்கினாய். "இப்படிப் பின்னாடியா நசுக்குவாங்க?" என்று நான் கேட்டதற்கு, "முன்னாடி வர்றமா பின்னாடி வர்றமான்னு எலுமிச்சம்பழத்துக்குத் தெரியுமா? பூசை முடிஞ்சிது. இனிமே இந்த ரோட்ல ட்ரயல் பாக்கலாம், நைனா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாய். நடு ரோட்டில் நின்றுபோன வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வாரத்துச் சோதனைக்கு அனுமதி வாங்கிக்கொண்டிருந்தாய் நீ. அன்றைக்கே நீ பள்ளிப்பட்டு போய்ச் சேர்ந்துவிட்டாய் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வண்டியைக் கூடவே கூட்டிப்போவதற்கான வேலைதான்.

மேலே காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்த பெரிய அத்தை, "மலையே வேணாம்னு சொல்லிடுச்சி, இதுக்கு மேல இன்னா இருக்குது?" என்றார். உன் நைனா, "வித்துடலாம். நான் நாளைக்கே போயி எடத்த மாத்தறதுக்குப் பேசறேன்" என்றார். நான் தாமோதரன் ஷெட்டுக்குப் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பிஸ்டனைக் கழற்றி, அதன் பக்கவாட்டில் விழுந்திருந்த கீறல்களைக் காட்டினார். பிறகு பிசுக்குக் கையைத் துடைத்துக்கொண்டே, "மைலேஜ் கேட்டீங்க, மைலேஜ் குடுத்தேன். வண்டி மலை ஏறணும்னு ஒரு வார்த்த சொன்னீங்களா டீச்சரம்மா?" என்றார். "ஊர் பேரு திருத்தணி. மலை ஏறாம எங்கய்யா போவும் வண்டி?" என்று கேட்டேன். "அது சர்தான்" என்று அவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேர் மேலும் தப்பு இருந்தது. சண்டை அதோடு முடிந்தது.

நடந்தது இவ்வளவுதான். கார்பரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் நடுவில் உள்ள ஊசித் துளை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிறது. மைலேஜுக்காகத் தாமோதரன் அதைச் சின்னதாக மாற்றியிருந்தார். சமதளத்தில் அது போதும். பாரம் ஏற்றி, ஏற்றத்தில் முழுசாக முறுக்கும்போது போதாது. இந்த மாதிரி எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என் சலைன் பாட்டில் பொய் சொல்லவில்லை. வண்டி எவ்வளவு குறைவாகத் தின்னும் என்று நான் கேட்டேன், அது பதில் சொன்னது. எவ்வளவு தாங்கும் என்று நான் கேட்கவே இல்லை.

போன வருஷம் உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடக்கச் சொன்னது இங்கே ஞாபகம் வருகிறது. நீ நடந்தாய். திரும்பி வந்து, "இன்னொரு ஆட்டம் இருக்குது, பாக்கறீங்களா?" என்று கேட்டாய். அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மெழுகிய தரையில் நாலு எட்டு நடக்கவைத்து உன்னை அளந்துவிட முடியும் என்று நினைத்தவர்கள் அவர்கள். நாங்களும் வேறு மாதிரியாக அதைத்தான் செய்தோம். கீழ்த்தளத்தில் வகுப்பு இருக்கிற பள்ளிக்கூடம், படி இல்லாத வீடு, யாராவது கூட வருகிற கடைத்தெரு என்று உன்னைச் சமதளத்திலேயே ஓட்டிவிட்டு, நீ விழாமல் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டோம். உன்னிடம் ஏற்றத்துக்கான பலம் எவ்வளவு இருக்கிறது என்று பின்சக்கரம் இறுகிய அந்த வளைவில்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். இனி உன்னை யாராவது அளக்க வந்தால், எந்த ரோட்டில் அளக்கப் போகிறார்கள் என்று முதலில் கேள். வேலையோ கல்யாணமோ, எதுவானாலும் கேள். நீயும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அப்படியே பார். முதல் பரீட்சை மார்க்கை வைத்து ஒருவனையும் முடிவு கட்டிவிடாதே.

கோடை விடுமுறை முடிய இருந்த நாட்கள் போதுமானதாக இல்லை, ஆனாலும் தாமோதரன் பிஸ்டனை மாற்றித் தந்ததும், நைனா வண்டியை விற்க ஆள் பார்ப்பதற்குள், தொடங்கினோம். விடிந்ததும், பஸ்கள் ஓட ஆரம்பிக்கும் முன், நீ அடிவாரத்திலிருந்து முழுசாக முறுக்கி ஏறுவாய். வண்டி நின்ற அந்த வளைவில் நான் ப்ளக் ஸ்பேனரோடும் துணியோடும் நிற்பேன். என் பக்கத்துக்கு வந்ததும் நீ கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அப்படியே அணைத்துவிடுவாய். மெதுவாக ஓடவிட்டு அணைத்தால், எஞ்சினுக்குள் பொறி போடும் ப்ளக் உண்மையைச் சொல்லாது. நான் ப்ளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருப்பாக இருந்தால் அதிகம். முதல் நாள் அதே சின்ன ஜெட்டோடு பார்த்தபோது சுண்ணாம்பாக இருந்தது. தாமோதரன் பெரிய ஜெட் ஒன்றைப் போட்டார். இப்போது சட்டிக் கரி. வண்டி புகையைக் கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு ஏறியது.

அன்றைக்குத்தான் உன் நைனா வந்தார். சாமி கும்பிட வந்ததாகச் சொன்னார், கையில் அர்ச்சனைத் தட்டு இல்லை. வளைவில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அம்மையார்குப்பத்துத் தறி வீட்டில் பிறந்து, நெசவாளர் சங்கத்துச் சாயப்பட்டறையில் தினமும் நிறம் பார்க்கிற மனிதர் அவர். முந்தைய நாள் ப்ளக்கையும் அன்றைய ப்ளக்கையும் நான் துணியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பதை அவரால் சகித்துக்கொள்ள முடியவில்லை. "குடு இப்படி. நிழல்ல வெச்சுப் பாத்தா நிறம் தெரியுமா?" என்று வாங்கி, காலை வெயிலில் பிடித்து, சிட்டமாகச் சுற்றிய நூல் கற்றையைப் பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது சாயமே குடிக்கல. இது அளவு மீறிக் குடிச்சிருக்குது. நடுவுல ஒண்ணு இல்லையா?" என்றார். நீ உடனே, "நடு சைஸ் மெட்ராஸ்ல கெடைக்குமாம் நைனா. தாமோதரன் அண்ணனுக்கு நேரம் இல்லையாம்" என்றாய். தாமோதரனுக்கு அன்று தாராளமாக நேரம் இருந்தது, அது எனக்குத் தெரியும். மறுநாள் காலை ரயிலில் மெட்ராஸ் போய், கடை கடையாகக் கேட்டு, அந்தப் பித்தளைத் திருகைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார் உன் நைனா.

புது ஜெட் போட்டு ஏறியதும் ப்ளக்கை அவர்தான் முதலில் வாங்கினார். முனை நல்ல காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தது. "ஆங். இதான்" என்றார். கடைசிச் சோதனைக்கு நீ வேண்டுமென்றே ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஏறினாய், உச்சி வெயிலில், என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு. நைனா அந்த வளைவில் நின்றிருந்தார். நீ நிறுத்துவாய் என்று எதிர்பார்த்து ஒரு அடி ரோட்டுக்கு வந்தார். நீ, "மேல வாங்க நைனா, மேல!" என்று கத்திக்கொண்டே தாண்டிப் போய்விட்டாய். நான் திரும்பிப் பார்த்தேன். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேகமாக மலை ஏறிக்கொண்டிருந்தார். மேலே வந்து மூச்சு வாங்கி முடித்ததும் எஞ்சின் பக்கம் கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது, ஆனால் கையை எடுக்க வைக்கிற சூடு இல்லை. அப்புறம் உன்னைப் பார்க்காமல், மலைக்குக் கீழே தெரிந்த ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு, "பள்ளிப்பட்டுல பெட்ரோல் பங்க் எந்தப் பக்கம் இருக்குது?" என்று கேட்டார். நீ என் கையைக் கிள்ளினாய். அந்தத் தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

சலைன் பாட்டிலில் மறுபடி அளந்து பார்த்தேன். முன்பு ஓடிய தூரம் இப்போது ஓடாது. நன்றாகவே குறைந்துவிட்டது. அது குறையட்டும். பள்ளிப்பட்டில் யாராவது மெக்கானிக், "மைலேஜ் ஏத்தித் தர்றேன்" என்று ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தால், வேண்டாம் என்று சொல். உன் வண்டி எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு தின்னட்டும். நீயும் அப்படியே. ஒற்றையாளுக்குச் சமைப்பானேன் என்று ராத்திரியில் டீயும் பன்னும் சாப்பிட்டுப் படுக்காதே.

ஹாண்டிலில் இடது பக்கம் நைனா கட்டியிருக்கும் நூல் எதற்கு என்று நீ கேட்கவில்லை. சாமி கயிறு என்று நினைத்திருப்பாய், பெரிய அத்தையும் அப்படித்தான் நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது சாமி கயிறு இல்லை. அந்தக் காப்பிக் கொட்டை நிறம் சரியாக வரும்வரை பட்டறையில் நாலைந்து முறை நனைத்து, ப்ளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சாயம் ஏற்றிய நூல். மாதம் ஒரு முறை நல்ல ஓட்டத்தில் எஞ்சினை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, வெயிலில் அந்த நூலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார். ஒத்துப்போனால் கவலை இல்லை. எங்களுக்கு எழுதும் கார்டில் நலம், நலமறிய ஆவல் எல்லாம் வேண்டாம். ப்ளக் என்ன நிறம் என்று ஒரு வரி எழுது. மற்றதை அவர் புரிந்துகொள்வார்.

வெயிலிலும் மழையிலும் அந்த நூல் சீக்கிரம் வெளுத்துவிடும். வேறு அனுப்பச் சொல்லி நீ எழுதலாம். எழுதாவிட்டாலும் தவறில்லை, அந்த நிறம் உன் கண்ணுக்கே பிடிபட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உன் நைனா அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். நேற்று அலமாரியில் துணி அடுக்கும்போது பார்த்தேன். அதே நிறத்தில் ஒரு முழுச் சிட்டம் நனைத்துக் காயவைத்து, வெளிச்சம் படாமல் இருக்கக் கருப்புத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

அம்மா